துடைப்பக்கட்டையில் சுற்றிய கையெழுத்துகள்

செப்டம்பர் 14, வெலிங்டன்

சென்னையில் ஏறி, சிங்கப்பூரில் மாறி, ஆக்லாந்தில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு சின்ன விமானம். வெலிங்டன் காற்றைப் பற்றிப் படித்திருந்தேன், நம்பவில்லை. விமானம் இறங்கும்போது பக்கத்து இருக்கைக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். நான் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

தங்குவது யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் வீட்டில். தோழிக்குத் தோழி. இதற்கு முன் போனில் இரண்டு தடவை பேசியதோடு சரி. "கை கழுவிப்போட்டு வாங்கோ, புட்டு ஆறுது" என்றார். அவ்வளவுதான் வரவேற்பு. அதற்கு மேல் எனக்கும் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

எதற்கு இவ்வளவு தூரம் என்று சொல்லிவிடுகிறேன். 1893இல் நியூசிலாந்துப் பெண்கள் வாக்குரிமை கேட்டு நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு கொடுத்தார்கள். அந்த வருடமே கிடைத்தும் விட்டது. தன்னாட்சி பெற்ற நாடுகளில், வயது வந்த பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கு கொடுத்தது இதுதான் முதலில். அந்த மனு இந்த ஊரில் இருக்கிறது. நான் பல்கலைக்கழக ஆள் இல்லை. 24 வருடம் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்து, காசோலைக் கையெழுத்தையும் மாதிரிக் கையெழுத்து அட்டையையும் ஒப்பிட்டு ஒப்பிட்டுக் கண் கெட்டுப்போய், விருப்ப ஓய்வு வாங்கி வந்தவள். அந்தப் பணத்தில்தான் இந்த ஆராய்ச்சி. வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 15, வெலிங்டன்

காலையில் நாடாளுமன்றம் பக்கம் சாலையைக் கடக்க நின்றால், சிக்னலில் பச்சை விளக்கில் நடக்கிற மனிதனைக் காணோம். நீளப் பாவாடையும் தொப்பியுமாக ஒரு பெண் உருவம். அது கேட் ஷெப்பர்டாம், அந்த இயக்கத்தின் தலைவி. இன்னொரு தடவை பார்ப்பதற்காகத் திரும்பி வந்து மறுபடி கடந்தேன். கையிலிருந்த பத்து டாலர் நோட்டிலும் அவர்தான், பக்கத்தில் வெள்ளைக் கமேலியாப் பூ.

மனு இருப்பது மோல்ஸ்வொர்த் தெருவில், தேசிய நூலகத்துக்குள். ஹே தோஹு என்று, இந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் மொழியில் பெயர் வைத்த கண்காட்சி, கட்டணம் கிடையாது. மரத்தால் இழைத்த ஓர் அறை, உள்ளே அரையிருட்டு. மூன்றே மூன்று ஆவணங்கள். மாவோரித் தலைவர்களின் 1835ஆம் ஆண்டு சுதந்திரப் பிரகடனம், அவர்கள் பிரிட்டிஷாரோடு செய்துகொண்ட 1840இன் வைதாங்கி ஒப்பந்தம், மூன்றாவதாக இந்தப் பெண்களின் மனு. ஒரு நாடு தன்னுடைய மூலப்பத்திரங்கள் என்று மூன்றை எடுத்து வைத்து, அதில் ஒன்று வீட்டுப் பெண்களின் கையெழுத்துக் கட்டு என்பதை அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்க்க ஒரு பெரிய காகித உருளை. 546 தாள்கள், ஒன்றின் அடியில் ஒன்றாக ஒட்டியது. விரித்தால் 270 மீட்டருக்கு மேல். அதில் 25,000க்கும் அதிகமான கையெழுத்துகள். அதே வருடம் வந்த சிறிய மனுக்களையும் சேர்த்தால் 32,000ஐ நெருங்கும். அவை மிஞ்சவில்லை, இது ஒன்றுதான் பிழைத்தது. நாடு முழுக்க வீடு வீடாகப் போய் வாங்கிய தாள்களை எல்லாம் தபாலில் கிறைஸ்ட்சர்ச்சுக்கு வரவழைத்து, கேட் ஷெப்பர்ட் தன் வீட்டில் பசை போட்டு ஒட்டினார். சுற்றுவதற்கு எடுத்தது ஒரு துடைப்பக்கட்டைத் துண்டு. நம் ஊரில் துடைப்பக்கட்டையைத் தூக்கினால் அதற்கு வேறு அர்த்தம். இங்கேயும் ஏறக்குறைய அதுதான் நடந்திருக்கிறது. ஜான் ஹால் என்கிற உறுப்பினர் சபையில் அந்த உருளையை நடுப்பாதையில் உருட்டிவிட, அது விரிந்துகொண்டே போய் எதிர்ச்சுவரில் தொப்பென்று முட்டி நின்றதாம்.

அது 1893 ஜூலை கடைசி. கீழ்ச் சபையில் மசோதா தேறிவிட்டது. பிரதமர் ரிச்சர்ட் செடனுக்கு இதில் இஷ்டமில்லை, மேல்சபை தள்ளிவிடும் என்று இருந்தார். கணக்கு உதைக்கும் போலத் தெரிந்ததும், தன் கட்சி உறுப்பினர் ஒருவருக்குத் தந்தி அடித்து வாக்கை மாற்றச் சொன்னார். இது வெளியே தெரிந்து, அதுவரை மசோதாவை எதிர்த்துவந்த இரண்டு பேருக்குக் கோபம். "இப்படியா குறுக்கு வழி பண்ணுவது" என்று அவருக்குப் பாடம் புகட்டவே ஆதரவாக வாக்களித்துவிட்டார்கள். 20க்கு 18. தேதி செப்டம்பர் 8. ஆதரித்த உறுப்பினர்கள் வெள்ளைக் கமேலியா குத்திக்கொள்வது, எதிர்த்தவர்களுக்குச் சிவப்பு என்று அப்போது ஒரு வழக்கம். அந்த இரண்டு பேரும் எந்தப் பூவைக் குத்திக்கொண்டார்களோ.

அந்தச் சபை நடந்த மரக்கட்டடம் இப்போது இல்லை. 1907 தீயில் போய்விட்டது.

பெருமைக்குரிய கதையில் இப்படி ஒரு வீம்பு புகுந்துகொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வீம்புக்காரர்கள் இரண்டு பேர்தான், கையெழுத்துப் போட்டவர்கள் முப்பதாயிரம் பேர். அந்த முப்பதாயிரம் இல்லையென்றால் கணக்கு இரண்டு வாக்குவரைக்கும் வந்திருக்குமா?

செப்டம்பர் 16, வெலிங்டன்

இன்று முழுநாளும் கணினி முன். உருளையைக் கையில் தரமாட்டார்கள், தரவும் கூடாது. தாள்களைப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள், பெயரையோ ஊரையோ கொடுத்துத் தேடலாம். நம் பக்கம் ஓர் ஆவணக் காப்பகத்தில், "எந்த நிறுவனம்?" என்ற கட்டத்தை நிரப்பவில்லை என்று என்னை இரண்டு நாள் வராந்தாவில் உட்கார வைத்தது நினைவுக்கு வந்தது. இங்கே அந்தக் கேள்வியே எழவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது, பதிலைத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தேன்.

பழைய மை பழுப்பாகிவிட்டிருக்கிறது. ஒரு பக்கம் பெயர், ஒரு பக்கம் முகவரி. வங்கிக்காரக் கண் சும்மா இருக்குமா? முதல் அரைமணி நேரத்திலேயே, அடுத்தடுத்த மூன்று பெயர்கள் ஒரே கையில் எழுதியது தெரிந்தது. எல் எழுத்தின் கொக்கி மூன்றிலும் ஒரே வளைவு. கவுன்ட்டரில் இருந்திருந்தால் காசோலையைத் திருப்பி அனுப்பியிருப்பேன். இங்கே அப்படித் தோன்றவில்லை. அக்கா தங்கைக்கும் சேர்த்து எழுதியிருக்கலாம், எழுதத் தெரியாத தாய்க்கு மகள் எழுதியிருக்கலாம். நிஜமான கள்ளக் கையெழுத்து எதிர்த்தரப்பில் நடந்தது. ஹென்றி ஃபிஷ் என்ற டனீடன் உறுப்பினர், பெண்களுக்கு வாக்கு கூடாது என்று மனு தயாரிக்கக் கூலிக்கு ஆள் வைத்தார். மதுக்கடைகளில் எல்லாம் தாளைச் சுற்ற விட்டார்கள். பிறகு பார்த்தால் நிறையப் பொய்க் கையெழுத்து. மதுக்கடைக்காரர்களுக்கு இதில் என்ன அக்கறை என்றால், வாக்குரிமை கேட்டவர்களில் பெரும்பகுதி மதுவிலக்குச் சங்கத்துப் பெண்கள். பெண்கள் வாக்குப் போட்டால் கடையை மூடிவிடுவார்கள் என்ற பயம்.

மதியத்துக்கு மேல் வேறொன்று கண்ணில் படத் தொடங்கியது. மிஸஸ். மிஸஸ் இன்னார். பல பெண்கள் தங்கள் பெயரை எழுதவில்லை. குடும்பப் பெயர் மட்டும், சில இடங்களில் முன்னால் ஒரு முதலெழுத்து, அது அவருடையதா கணவருடையதா என்று தாளை மட்டும் வைத்துச் சொல்ல வழியில்லை. தனக்கென்று ஒரு வாக்கு வேண்டும் என்று கேட்கிற தாளிலேயே தன் பெயர் இல்லை.

எங்கள் கிளைக்கு வரும் அம்மாக்கள் ஞாபகம் வந்தார்கள். கணக்குத் திறக்கும் படிவத்தில் கணவர் பெயர் கேட்டால் வாய் திறக்கமாட்டார்கள். ஒருவர் சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டி, "அந்தச் சாமிதாங்க, கையில வேல் வெச்சிருக்காரே" என்றார். "முருகனா?" "இன்னொரு பேரு." வரிசையில் நின்ற அத்தனை பேரும் ஆளுக்கொரு பெயர் சொல்லி, கடைசியில் தண்டபாணி என்று கண்டுபிடித்தோம். நம் பக்கம் கணவன் பெயரைச் சொல்லக் கூடாது. இந்தப் பக்கம் கணவன் பெயரைத் தவிர வேறு பெயரே சொல்லத் தேவையில்லை. எதிரெதிராக நடந்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

சுதந்திர இந்தியாவின் முதல் தேர்தலில் இது பெரிய தலைவலியாகவே ஆனது. வடக்கே பல மாநிலங்களில் பெண்கள் "இன்னார் மனைவி", "இன்னார் மகள்" என்று மட்டுமே பதிவு செய்துகொண்டார்கள், சொந்தப் பெயர் தர மறுத்தார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் ஒத்துக்கொள்ளவில்லை. சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். சென்னை மாகாணத்தில் சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கு 1921லேயே வாக்கு கிடைத்துவிட்டது, பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் அதுதான் முதல். எங்கள் பாட்டிக்குச் சொத்து ஏது? அவர் 1952வரை காத்திருந்தார்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "பாட்டி பேரு முதல் ஓட்டர் லிஸ்ட்ல எப்படி இருந்துச்சு, சொந்தப் பேரா, தாத்தா சம்சாரம்னா?"

"எனக்கு எப்படிடி தெரியும்? ரேஷன் கார்டுலயே அவ பேரு தப்பாத்தான் இருந்துச்சு. அங்க குளிருதா?"

நூலகம் மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது, கிறைஸ்ட்சர்ச் தாள் ஒன்றில் முகவரிப் பக்கம் பார்த்தேன். மெட்ராஸ் தெரு. பழுப்பு மையில், சாய்ந்த எழுத்தில், மெட்ராஸ். பெயர்ப் பக்கம் ஒரு மிஸஸ், குடும்பப் பெயர் மட்டும். அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இரவு அக்காவிடம் சொன்னேன். இடியாப்பத்தைப் பிழிந்துகொண்டே, "எங்களுக்கு 31லேயே கிடைச்சிட்டுது, ஆம்பிளை பொம்பிளை எல்லாருக்கும்" என்றார். பிரிட்டிஷார் 1931இல் இலங்கைக்குத் தந்த டொனமூர் அரசியலமைப்பைச் சொல்கிறார். சரிதான், அப்போது இந்தியாவில் அதை நினைத்தும் பார்க்க முடியாது. "ஆனா யாழ்ப்பாணத்தில எங்கட ஆக்கள் அந்த எலெக்சனைப் பகிஷ்கரிச்சிட்டினம். கிடைச்ச வோட்டைப் போடேல்லை!" என்று சிரித்தார். முழுச் சுயாட்சி தராத அரசியலமைப்பு வேண்டாம் என்று யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் சொல்ல, யாழ்ப்பாணப் பகுதியின் நான்கு இடங்களும் 1934வரை காலியாகக் கிடந்தன. முதல் வாக்குக்கு ஆசைப்பட்டுக் காத்திருந்த பெண்களைக் கேட்டார்களா என்றேன். அக்கா உரலை ஒரு திருப்புத் திருப்பினார். "அதைத்தான் எங்கட அம்மம்மா சாகும்வரைக்கும் கேட்டவ."

செப்டம்பர் 17

படகு, பேருந்து. குக் நீரிணையைக் கடக்க மூன்றரை மணி நேரம், முதல் ஒரு மணி நேரம் வயிறு என்னோடு இல்லை. பிக்டனில் இறங்கித் தெற்கே கடலோரமாகவே பேருந்து. கைகூராவுக்கு முன்னால் பாறைகளில் கடல்நாய்கள், மூட்டை அடுக்கின மாதிரி கிடந்தன. இருட்டும் நேரத்தில் கிறைஸ்ட்சர்ச்.

செப்டம்பர் 18, கிறைஸ்ட்சர்ச்

இந்த ஊரை வரைந்தவர்கள் தெருக்களுக்கு ஆங்கிலிக்கன் மறைமாவட்டங்களின் பெயரை வைத்தார்கள். அப்படி வந்ததுதான் கொழும்புத் தெருவும் மெட்ராஸ் தெருவும். ஊரின் முதுகெலும்பு கொழும்புத் தெரு, பேராலயச் சதுக்கத்துக்குள் போய் மறுபுறம் வெளியேறுகிறது. அதற்குக் கிழக்கே மான்செஸ்டர் தெரு, அதை அடுத்து மெட்ராஸ் தெரு. கொழும்பிலிருந்து மெட்ராசுக்கு நடந்தே போய்விடலாம், கடல் இல்லை, விசா இல்லை. அக்காவுக்கு இதை வாட்ஸாப்பில் அனுப்பினேன். "எங்களுக்குத்தான் மெயின் ரோட்" என்று பதில்.

மெட்ராஸ் தெருவை நாளை மறுநாளுக்கு வைத்திருக்கிறேன். இன்று ஏவான் ஆற்றங்கரை நினைவுச் சின்னம் மட்டும். வாக்குரிமையின் நூற்றாண்டன்று, 1993 செப்டம்பர் 19, திறந்தது. வெண்கலத்தில் ஆறு பெண்கள், மனுவை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோகிற மாதிரி. நடுவில் கேட் ஷெப்பர்ட். மற்றவர்களில் ஹாரியட் மோரிசனைத்தான் நான் தேடினேன், டனீடன் தையல் தொழிலாளிப் பெண்களின் சங்கத்தை நடத்தியவர். இன்னொருவர் மேரி தே தாய் மங்ககாஹியா. அதே 1893 மே மாதம், மாவோரிகள் தங்களுக்கென நடத்திய நாடாளுமன்றத்தில், 25 வயதுகூட ஆகாத இவர் போய்ப் பேசினார். பெண்களுக்கு வாக்கு மட்டும் போதாது, உறுப்பினராக உட்காரவும் உரிமை வேண்டும் என்றார். எங்களில் பலருக்குச் சொந்த நிலம் இருக்கிறது, நாங்களே பார்த்துக்கொள்கிறோம், ஆண்கள் மகாராணிக்கு விண்ணப்பம் போட்டுப் போட்டு ஒன்றும் நடக்கவில்லை, பெண்கள் கேட்டால் அந்த அம்மாள் காதில் விழலாம் என்பது அவர் வாதம். கேட் ஷெப்பர்டின் மனு கேட்டதைவிட ஒரு படி மேலே. வெலிங்டன் நாடாளுமன்றத்துக்கு நிற்கும் உரிமை பெண்களுக்கு வந்தது 1919இல், முதல் பெண் உறுப்பினர் எலிசபெத் மெக்கோம்ஸ் 1933இல். நாற்பது வருடம். சிலையில் இவரை ஓரமாக நிறுத்தியிருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. நான் நின்ற கோணமாகவும் இருக்கலாம்.

செப்டம்பர் 19, கிறைஸ்ட்சர்ச்

1893இல் ஆளுநர் கையெழுத்திட்டு வாக்குரிமை மசோதா சட்டமான நாள். காலையில் சிலையடியில் ஒரு சிறு கூட்டம், பள்ளிப் பிள்ளைகள் சிலர், நிறைய நரைத்த தலைகள், எல்லார் சட்டையிலும் வெள்ளைக் கமேலியா. பக்கத்தில் நின்ற பாட்டி தன்னுடையதில் ஒன்றைப் பிய்த்து எனக்குக் கொடுத்தார். மணமே இல்லாத பூ. பழக்க தோஷத்தில் தலையில் வைக்கப் போய், பிறகு சுடிதாரில் குத்திக்கொண்டேன்.

பத்தே வாரத்தில் தேர்தல் வந்தது, நவம்பர் 28. அதற்குள் 1,09,461 பெண்கள் பட்டியலில் பெயர் சேர்த்துவிட்டார்கள், வயது வந்த பெண்களில் சுமார் 84 சதவீதம். 90,290 பேர் போய் வாக்களித்தார்கள். பெண்களுக்கு இதில் ஆர்வமே இல்லை என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வேறு பேச்சுக்குப் போனார்கள்.

மதியம் கிளைட் சாலை வீடு. 1888இல் கட்டியது, வெள்ளை அடித்த மரவீடு, இப்போது அரசின் பொறுப்பில். மனுவை ஒட்டிய இடம். நான் அளந்தது அறையின் நீளத்தைத்தான், காலடியால். 270 மீட்டர் காகிதத்தை இங்கே ஒரு முனையில் ஒட்டிக்கொண்டே மறுமுனையில் சுருட்டிக்கொண்டே போனால்தான் முடியும். பசை காய விடவேண்டும். காயும்வரை மேலே சுற்ற முடியாது. சாம்பார் அடுப்பில் இருக்கும்போது அப்பளம் காயவைக்கிற பெண்ணுக்குத்தான் இந்தக் கணக்கு பிடிபடும். அங்கிருந்த தன்னார்வப் பெண்மணியிடம் இதைச் சொல்ல முயன்றேன், அப்பளத்திலேயே நின்றுவிட்டது.

அங்கிருந்து அடிங்டன் கல்லறை. கேட் ஷெப்பர்ட் பிறந்தபோது வைத்த பெயர் கேதரின் வில்சன் மால்கம். வால்டர் ஷெப்பர்டை மணந்து ஷெப்பர்ட், பின்னாளில் 1925இல் மறுமணம் செய்து லவல்-ஸ்மித். 1934இல் இறந்தார். ஒரே மகன் 1910லும், ஒரே பேத்தி 1930லும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். ரத்த வழியில் அந்தப் பெயரைச் சொல்ல இப்போது யாரும் இல்லை. சாயங்கால வெயிலில் கல்லறையில் என்னையும் ஒரு பூனையையும் தவிர ஆள் இல்லை. பாட்டி கொடுத்த கமேலியா அதற்குள் ஓரம் பழுப்பாகிவிட்டது, அதை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 20, கிறைஸ்ட்சர்ச்

மெட்ராஸ் தெரு. நீளமான, நேரான தெரு. ஹியர்ஃபோர்ட் தெரு சேரும் மூலையில் அட்டைப் பேராலயம், நிஜமாகவே அட்டைக் குழாய்களை வைத்துக் கட்டியது. 2011 பிப்ரவரி நிலநடுக்கத்தில் பழைய பேராலயம் சிதைந்த பிறகு, ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் வடிவமைத்துக் கொடுத்தது. இதே தெருவில்தான் ஒரு தொலைக்காட்சி நிலையக் கட்டடம் இடிந்து 115 பேர் இறந்தார்கள். அந்த இடம் இப்போது ஒரு சிறிய தோட்டம், சத்தமில்லாமல் கடந்து போனேன்.

என் நோட்டில் இருப்பது ஒரு மிஸஸ், ஒரு குடும்பப் பெயர், தெருப் பெயர். வீட்டு எண் கிடையாது. இருந்தாலும் 1893இன் எண் இன்றைக்கு ஒத்துவராது. பழைய ஊர்ப் பெயர்ப்பட்டியல்களில் தேடினால் அந்தத் தெருவில் அந்தக் குடும்பப் பெயரில் ஓர் ஆண் கிடைப்பார், அவர் தொழில் கிடைக்கும். அவர் மனைவியின் சொந்தப் பெயர் கிடைக்க, திருமணப் பதிவு, பிள்ளைகள் பிறந்த பதிவு என்று இன்னும் நாலு கதவு தட்டவேண்டும். அதை சென்னையிலிருந்தே செய்யலாம். ஆனாலும் இருபுறமும் பார்த்துக்கொண்டே நடந்தேன். புதுக் கட்டடம், காலி மனை, கார் நிறுத்துமிடம், மறுபடி காலி மனை. நிலநடுக்கத்துக்குப் பிறகு இடித்துத் தள்ளியதில் பழைய மரவீடு ஒன்றுகூட அந்தப் பக்கம் என் கண்ணில் படவில்லை.

ஒரு கார் நிறுத்துமிடத்தின் நடுவில் நின்று நோட்டைத் திறந்து, அந்த மூன்று சொற்களையும் மறுபடி பார்த்தேன். மிஸஸின் முதல் எழுத்துக்கு ஒரு சின்னச் சுழி போட்டிருந்தார், அதை அப்படியே நகலெடுத்திருந்தேன். கார் ஒன்று பின்னால் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி ஓர் இளைஞன் கேட்டான்:

"காசு போடுற மெஷினைத் தேடுறீங்களா? அதோ, அந்த மூலையில."

நன்றி சொல்லிவிட்டு அந்த மூலைக்குப் போனேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தானே, என்ன செய்வது.